அவசரத்தில் அச்சான காகிதங்கள்

எங்கள் அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தாத்தா, போர் முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. அதற்குள் ஒரு கம்பளி, ஒரு பால் மரம் சீவும் கத்தி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒரு கட்டு நோட்டு. பத்து டாலர் நோட்டுகள். முகப்பில் குலை தள்ளிய வாழைமரம். "ஜப்பான்காரன் காசுடா. என்னைக்காவது மாத்தித் தருவான்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்பாள் அத்தை. மாற்றித் தர யாரும் வரவில்லை. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மலாயாவுக்குத் திரும்பியதும் அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். "கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசு உறுதி கூறுகிறது" என்ற வாசகம் மட்டும் நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் முப்பத்தோரு வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் விரல் பார்த்துவிடும். அத்தை அந்தக் கட்டை என்னிடம் கொடுத்தபோது வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பழக்கத்தில் வரிசை எண்ணைத் தேடினேன். எண்ணே இல்லை. 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் இரண்டு எழுத்துகள் மட்டும். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: 1942இல் வந்த முதல் நோட்டுகளில் வரிசை எண் உண்டு, போகப் போக அதை விட்டுவிட்டார்கள். எம் என்றால் மலாயா, பி என்றால் பர்மா. வரிசை எண் போடாமல் ஒரு அரசு நோட்டு அடிக்கிறது என்றால், எத்தனை அடித்தோம் என்று திரும்பிப் பார்க்கும் எண்ணம் அதற்கு இல்லை என்று அர்த்தம். ஒரு கேஷியருக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி கிடையாது. என் சேகரிப்பு அன்று தொடங்கியது.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பூஜ்யத்தைத்தான். "சார், அந்த ஜிம்பாப்வே நோட்டு இருக்கா? எத்தனை சைபர்?" இருக்கிறது. நூறு டிரில்லியன் டாலர். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூஜ்யம். ஆங்கிலத்தில் சொன்னால் மலைப்பாக இருக்கும், தமிழில் சொன்னால் ஒரு கோடி கோடி, அவ்வளவுதான். ஆல்பத்தின் ஓரத்தில் நான் மதிப்புகளை எப்போதும் நம் கணக்கிலேயே குறிப்பேன். ஜெர்மன்காரர் 'பில்லியன்' என்றால் அமெரிக்கருக்கு அது டிரில்லியன். இந்த ஒரு குழப்பத்தில் விலைப்பட்டியலைத் தப்பாகப் படித்துக் காசு விட்டவர்களை எனக்குத் தெரியும். ஜெர்மன் 'மில்லியார்டு' நூறு கோடி, ஜெர்மன் 'பில்லியன்' லட்சம் கோடி. பட்ஜெட் செய்தி படிக்கிற எவருக்கும் லட்சம் கோடி பழகிய சொல்தானே. ஹங்கேரிக்குப் போனால்தான் நமக்கும் மூச்சு வாங்கும். அங்கே 1946இல் புழங்கிய மிகப் பெரிய நோட்டு பத்து லட்சம் கோடி கோடி. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பேரெண்களுக்குப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. அன்றைக்கு ஹங்கேரிக்காரர்களுக்கு இரண்டைக் கடன் கொடுத்திருக்கலாம்.

ஆனால் பூஜ்யத்தை வைத்துச் சேர்ப்பது ஆரம்பப் பள்ளி. சந்தையில் அதற்குத்தான் விலை அதிகம், அதில்தான் போலியும் அதிகம். நான் சேர்ப்பது தேதிகளை. நோட்டில் அச்சிட்டிருக்கும் தேதியின்படி ஆல்பத்தை அடுக்கிப் பாருங்கள், ஒரு தேசம் ஓடத் தொடங்கும் வேகம் கண்முன்னால் தெரியும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன், அதுதான் என்னிடம் அதிகம். முதல் பக்கத்தில் 1910 ஏப்ரல் 21 தேதியிட்ட ஆயிரம் மார்க். பழுப்பு நிறம், நுணுக்கமான வேலைப்பாடு, இரண்டு பக்கமும் நிதானமான அச்சு. அதே தேதியோடு பல வருடம் அதை அடித்துக்கொண்டே இருந்தார்கள். முதல் உலகப் போருக்கு முந்தியதில் முத்திரை சிவப்பு, பிந்தியதில் பச்சை. சிவப்பு முத்திரை போட்டது மட்டும் என்றாவது பொன்னாக மாறும் என்று நம்பி, எல்லாம் முடிந்த பிறகும் கட்டுக் கட்டாகச் சேர்த்துவைத்து வழக்காடியவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் தாத்தா தனியாள் இல்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது.

அடுத்தது 1922 ஜனவரி 19 தேதியிட்ட பத்தாயிரம் மார்க். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பூஜ்யம் கூடியிருக்கிறது. இதில் ஓவியர் ட்யூரர் வரைந்த ஓர் இளைஞனின் முகம். கழுத்தருகே நிழலைக் குறுக்கே திருப்பிப் பார்த்தால் ரத்தம் குடிக்கும் பேய் ஒன்று தெரியும், அது ஜெர்மனியின் கழுத்தைக் கடிக்கும் பிரான்ஸ் என்று சேகரிப்பாளர்களிடையே ஒரு கதை உண்டு. காட்டினால் குழந்தைகளுக்குத் தெரிகிறது. எனக்கு இருபது வருடமாகப் பாதிதான் தெரிகிறது.

1923 பிறந்ததும் பக்கங்கள் வேகமாக நிரம்பும். ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. வேலைக்குப் போகாமல் எதிர்த்து நின்ற தொழிலாளர்களுக்கு அரசு கூலி கொடுத்தது. கையில் பணம் இல்லாததால் அடித்துக் கொடுத்தது. பிப்ரவரி 1 தேதியில் லட்சம் மார்க் நோட்டு, அதே மாதம் 20 தேதியில் பத்து லட்சம், ஜூன் 1இல் ஐம்பது லட்சம், ஆகஸ்ட் 22இல் பத்துக் கோடி, அக்டோபர் 10இல் ஐயாயிரம் கோடி, நவம்பர் 1இல் லட்சம் கோடி. ஜனவரியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 18,000 மார்க். ஆகஸ்ட் சராசரி 46 லட்சம். செப்டம்பரில் பத்துக் கோடியை நெருங்கியது. நவம்பர் 20 அன்று 4.2 லட்சம் கோடியில் நிறுத்தினார்கள். போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். சரியாகப் பன்னிரண்டு பூஜ்யத்தை அடித்துவிட்டால் பழைய கணக்குக்கு வந்துவிடலாம் என்று பார்த்து நிறுத்திய இடம் அது. மைய வங்கியான ரைஷ்ஸ்பாங்கின் தலைவர் ருடால்ஃப் ஹாவன்ஸ்டைன் இறந்ததும் அதே நவம்பர் 20தான்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். என் தொழில் அதுதான்.

1923 நோட்டை வாங்கும்போது முதலில் பின்பக்கம் திருப்புவேன். பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இரண்டாவது பக்கத்தை அடிக்க நேரம் இல்லை. ரைஷ்ஸ்பாங்கின் சொந்த அச்சகம் போதாமல், நாடு முழுக்க 130க்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களில், 1,783 இயந்திரங்களில் அடித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் காகிதம் கொடுத்தன. அடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வாட்டர்மார்க் பார்ப்பேன். ஒரே தேதி, ஒரே மதிப்பு, ஒரே படம். ஆனால் ஒரு நோட்டில் நட்சத்திரத்துக்குள் ஜி, டி எழுத்துகள், அடுத்ததில் முட்செடி, இன்னொன்றில் கட்டம் கட்டமாக எட்டுகள். கிடைத்த ஆலையின் காகிதத்தில் அடித்ததால் வந்த வேறுபாடு. வரிசை எண்ணின் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும், எந்த அச்சகம் என்பதற்கான குறி. இந்த எழுத்துகளைத் துரத்திக்கொண்டே ஒரு ஆயுளைக் கழிக்கலாம். கழித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டாரிடம் எனக்கு அனுதாபம் உண்டு.

கையில் ஒரு நோட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொல் என்றால் நான் எடுப்பது 'ஐனே மில்லியார்டு' என்று சிவப்பில் மேலே அடித்த நோட்டைத்தான். அடியில் இருப்பது 1922 டிசம்பர் 15 தேதியிட்ட ஆயிரம் மார்க். பழுப்பு நிறம், வலப்பக்கம் ஒரு முதியவரின் முகம். அவர் யோர்க் ஹெர்ட்ஸ், நாணயம் அடிக்கும் சாலையின் தலைவராக இருந்தவர். கியோர்க் பென்ட்ஸ் தீட்டிய ஓவியத்திலிருந்து எடுத்த முகம். ஆயிரம் மார்க் வெளியே போகும் முன்பே ஆயிரத்துக்கு மரியாதை போய்விட்டது. அடித்த காகிதத்தை வீணாக்குவானேன் என்று 1923இல் அதன் மேலேயே குறுக்காகச் சிவப்பு எழுத்தில் நூறு கோடி என்று அடித்து அனுப்பினார்கள். ஒரே அச்சில் பத்து லட்சம் மடங்கு. விரல் நுனியால் தடவினால் சிவப்பு மை பழுப்பின் மேல் தனியாக உட்கார்ந்திருப்பது தெரியும்; சில பிரதிகளில் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். இந்தச் சரிவைப் 'பிழை நோட்டு' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். கொஞ்சம் சரிவதெல்லாம் பிழை இல்லை, அன்றைய வேலையே அப்படித்தான். தலைகீழாக அடித்தது என்று காட்டினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள், பின்னாளில் யாரோ வீட்டில் அடித்ததாகவும் இருக்கலாம்.

மைய வங்கி எவ்வளவு அடித்தும் போதாமல் ஊராட்சிகளும் ஆலைகளும் ரயில்வேயும் தாங்களே நோட்டு அடித்துக்கொண்டன. இதற்கு 'நோட்கெல்ட்', அதாவது அவசரப் பணம் என்று பெயர். இதில் புதிதாக வருகிறவர்கள் ஒரு தவறு செய்வார்கள். வண்ண வண்ணமாக, நாட்டுப்புறக் கதைப் படங்களோடு, ஐம்பது ஃபெனிக், எழுபத்தைந்து ஃபெனிக் என்று செட்டு செட்டாகக் கிடைக்கும். அழகில் மயங்கி வாங்கிவிடுவார்கள். அவை பெரும்பாலும் 1921, 22இல் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே ஊர்கள் அடித்தவை. கடைத்தெருவைப் பார்க்காதவை. பீலஃபெல்ட் நகரம் பட்டிலும் லினனிலும் அடித்த துணி நோட்டுகளும் அழகுதான், விலையும் அதற்கேற்றபடி. எனக்கு வேண்டியது 1923 இலையுதிர்காலத்து ஊர் நோட்டு: மட்டமான தாள், ஒரு பக்க அச்சு, கோணலாக வெட்டிய விளிம்பு, இன்ன தேதியோடு செல்லாது என்ற எச்சரிக்கை. அழகில்லாதது. அதனாலேயே இன்னும் மலிவு.

என்னிடம் 1923 ஆகஸ்ட் 9 தேதியிட்ட இருபது லட்சம் மார்க் நோட்டு ஒன்று இருக்கிறது. வெறும் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் கூட்டல் போட்டிருக்கிறார்கள். மூன்று எண்கள், கீழே ஒரு கோடு, கூட்டுத்தொகை. தொகை ஒரு கோடியைத் தாண்டுகிறது. அதாவது தன் மதிப்பைப் போல ஐந்து மடங்கு கணக்கை அந்த நோட்டின் முதுகிலேயே போட்டிருக்கிறார். அந்த மாதச் சராசரிப்படி நாற்பது சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே பெறுமானமுள்ள நோட்டு, அடுத்த மாதம் இரண்டு சென்ட். கூட்டல் போட்டது எந்த மாதம் என்று நோட்டில் இல்லை, ஆனால் துண்டுத்தாளாகப் பயன்பட்டிருப்பதைப் பார்த்தால் ஊகிக்கலாம்.

இதைக் கண்காட்சியில் திருநெல்வேலிப் பக்கத்து மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நல்ல மெத்து ரப்பரா வாங்கி மெதுவா அழிச்சிருங்க. ஒரு கிரேடு கூடும்."

"அழிச்சா வெறும் தாள்தான அண்ணாச்சி மிஞ்சும்?"

"வெறும் தாளுக்குத்தானே வே இங்க விலை!" என்று சிரித்தார். அவர் சொன்னது சந்தை நியாயம். யுஎன்சி, அதாவது மடிப்பே படாத நோட்டுக்குத்தான் விலை. மடிப்பு, ஸ்டேபிள் ஓட்டை, கறை எல்லாம் விலையைக் குறைக்கும். சாதாரண நோட்டுக்கு இது சரி. அதிவீக்க நோட்டுக்கு, அதாவது விலைவாசி தலைதெறிக்க ஓடிய காலத்து நோட்டுக்கு, இது சரியில்லை என்பது என் கட்சி. 1923 நோட்டுகளில் பாதி புத்தம் புதிதாகவே கிடைப்பதற்குக் காரணம், கைமாறி அழுக்காகும் முன்பே அவை செத்துப்போனதுதான். மடிப்பு விழுந்த பிரதிதான் அபூர்வம். யாரோ ஒருவர் அதை வைத்து எதையோ வாங்கியிருக்கிறார். நான் அழிக்கவில்லை. விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெறும் பின்பக்கங்களில் பிற்பாடு நாஜிகள் யூத வெறுப்பு வாசகங்களை அச்சடித்து விநியோகித்தார்கள். அந்த நோட்டுகளுக்கு இன்று பெரிய விலை, பெரிய விலை என்பதால் போலி மேலச்சும் ஏராளம். நான் வாங்குவதில்லை. வரலாற்று ஆவணம் என்று வாங்குகிறவர்களோடு சண்டையும் போடுவதில்லை.

ஹங்கேரி வேறு மாதிரி. அங்கே அவசரம் இருந்தது, ஆனால் நோட்டு அழகாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலைகள் நொறுங்கியிருந்தன, தங்கக் கையிருப்பு ஆஸ்திரியாவுக்குக் கடத்தப்பட்டிருந்தது, சோவியத்துக்கு இழப்பீடு வேறு. 1945 டிசம்பரில் ஒரு யோசனை செய்தார்கள்: பெரிய நோட்டுகளில் அரசு விற்கும் வில்லையை ஒட்டினால்தான் செல்லும், வில்லையின் விலை நோட்டைப் போல மூன்று மடங்கு. நான்காயிரம் பெங்கோ (அதுதான் அன்றைய நாணயம்) வைத்திருப்பவர் மூவாயிரத்தை வில்லைக்குக் கொடுத்து ஆயிரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒட்டிய நோட்டு என்னிடம் ஒன்று இருக்கிறது. விலைவாசி சில நாள் நின்றது, பிறகு இன்னும் வேகமாக ஓடியது.

1946 வாக்கில் அவர்கள் கண்டுபிடித்த தந்திரம்தான் எனக்குப் பிடித்தது. புதுப் படம் வரைய, அச்சுத் தகடு செதுக்க நேரமில்லை. ஆகவே பெங்கோவுக்கு அடித்த அதே படத்தை நிறத்தை மாற்றி 'மில்பெங்கோ' என்று அடித்தார்கள். ஒரு மில்பெங்கோ பத்து லட்சம் பெங்கோ. அதுவும் போதாமல் இன்னொரு நிறத்தில் 'பி.பெங்கோ'; ஒன்று லட்சம் கோடி. ஆல்பத்தில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பெண் மூன்று சேலை மாற்றி நிற்பது போல இருக்கும். மிகப் பெரியதான பத்துக் கோடி பி.பெங்கோ, ஜூன் 3 தேதியிட்டது: முன்னால் தலையில் துணி கட்டிய பெண், பின்னால் புடாபெஸ்ட் நாடாளுமன்றம். மதிப்பை எழுத்தால் எழுதிவிட்டதால் பூஜ்ய வரிசை கிடையாது, ஆகவே பூஜ்யம் தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஜூலையில் விலைகள் இரட்டிப்பாகப் பதினைந்து மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று புது நாணயமான ஃபோரின்ட் வந்தது. ஒரு ஃபோரின்ட்டுக்கு நான்குக்குப் பின் இருபத்தொன்பது பூஜ்யம் போட்ட அளவு பெங்கோ. தெருக்கூட்டுகிறவர்கள் நோட்டுகளைச் சருகுபோலப் பெருக்கும் அந்தப் பிரபலமான புகைப்படம் அப்போது எடுத்ததுதான்.

யூகோஸ்லாவியாவை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன்: 1993இன் ஐம்பதாயிரம் கோடி தினார் நோட்டில், குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய மருத்துவர் யோவான் யோவானோவிச் ஸ்மாய் இருக்கிறார், அந்த முகத்துக்காக மட்டுமே வாங்கினேன்.

ஜிம்பாப்வேயில் நோட்டுக்குப் பதில் 'பேரர் செக்' என்று அடித்தார்கள். 2006 ஆகஸ்ட் 1 தேதியிட்ட வரிசையில், 2007 ஜூலை 31க்குள் என்று காலாவதித் தேதி போட்டிருக்கும், பால் பாக்கெட் போல. அந்த ஆகஸ்டில் மூன்று பூஜ்யம் வெட்டினார்கள், 2008 ஆகஸ்டில் பத்து, 2009 பிப்ரவரியில் பன்னிரண்டு. மொத்தம் இருபத்தைந்து. எல்லாவற்றிலும் ஹராரே அருகே எப்வர்த்தில் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் நிற்கும் பாறைகளின் படம். 2008 ஜூலையில் காகிதம் அனுப்புவதை நிறுத்திய மியூனிக் நிறுவனம் கீஸெக்கெ அண்ட் தெவ்ரியென்ட், 1923இல் லைப்சிக்கில் இருந்தபடி ரைஷ்ஸ்பாங்குக்கும் வேலை செய்த அதே நிறுவனம்.

கோடி கோடி நோட்டில் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு கண்காட்சியில், பெயர் வேண்டாம், ஒரு மேஜையில் மூன்று பிரதி வாங்கினேன். கூட்டம், வெளிச்சம் குறைவு, சகாய விலை. மூன்றுமே ஆபத்தான அறிகுறி என்று இன்று தெரியும். வீட்டுக்கு வந்து புறஊதா விளக்கில் பிடித்தால் தாள் முழுக்கச் சலவை வேட்டி போல நீலவெள்ளையாக மின்னியது. நல்ல நோட்டுத்தாள் அந்த விளக்கில் மங்கலாகவே இருக்க வேண்டும். சாய்த்துப் பார்த்தால் பறவைச் சின்னத்தின் நிறம் மாற வேண்டும், மாறவில்லை. உள்ளே இழை ஓடவேண்டும், இழை போலக் கோடுதான் அச்சாகியிருந்தது. முப்பத்தோரு வருடம் கள்ள நோட்டுப் பிடித்தவன் விளையாட்டு நோட்டில் மாட்டிக்கொண்டேன். இப்போது சட்டைப்பையில் சாவிக்கொத்து அளவு விளக்கு இல்லாமல் கண்காட்சிக்குப் போவதில்லை.

நானே கெடுத்ததும் உண்டு. ஆரம்பத்தில் போட்டோ ஆல்பத்தின் பிவிசி உறையில் எல்லாவற்றையும் போட்டு இரும்பு பீரோவில் வைத்தேன். இரண்டு கோடை. உறை வியர்த்து ஒட்டிக்கொண்டு, எட்டு நோட்டுகள் பஜ்ஜி மடித்த காகிதம் போல எண்ணெய் பூத்துவிட்டன. இன்று மைலர் உறை, அமிலமில்லாத அட்டை, ஓரத்தில் சிலிக்கா பொட்டலம். அந்துருண்டை பக்கத்திலேயே கூடாது. ராமபாணப் பூச்சிக்கு ஒரே மருந்து, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பது. அது மருந்து என்று சொல்லி நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன் என்பது வீட்டில் உள்ள குற்றச்சாட்டு.

ஜெர்மன் ஆல்பத்தின் கடைசி விரிப்பில் இடப்பக்கம் 1923 நவம்பர் 1 தேதியிட்ட லட்சம் கோடி மார்க். வலப்பக்கம் அதே நவம்பர் 1 தேதியிட்ட, அதற்குப் பதிலாக வந்த புது நாணயமான ரென்டன்மார்க் ஒன்று இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே தேதி, மாற்று விகிதப்படி இரண்டுக்கும் ஒரே மதிப்பு. 1937 தேதியிட்ட ஒரு ரென்டன்மார்க் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது, என்னிடம் நான்கு இருக்கிறது. 1923 தேதியிட்டது இன்னும் அமையவில்லை. 37ஐ அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன், பொய்யாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன்.

செல்லாத நோட்டின் விலை ஒரு விசித்திரம். 2015இல் ஜிம்பாப்வே மைய வங்கி பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றபோது கோடி கோடி நோட்டுக்கு நாற்பது அமெரிக்க சென்ட் கொடுத்தது. அன்றைக்கே சேகரிப்பாளர்கள் அதைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் வாழைமர நோட்டுக் கட்டை நான் விசாரித்தபோது, ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் காசுக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மலாயா, பர்மா போய்வந்த குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம், அதில் வாழைமரமோ பர்மா ரூபாயோ இருக்கலாம். இருந்தால் மூன்று காரியம் செய்யாதீர்கள்: இஸ்திரி போடாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள், முடிந்து வைத்த துணியைத் தூக்கி எறியாதீர்கள். யார், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வருடம் கொண்டுவந்தார் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு சீட்டில் எழுதி கூடவே வையுங்கள். எங்கள் தாத்தாவின் தோட்டத்துப் பெயரை நான் அத்தையிடம் கேட்கவில்லை.